நாங்களும் இப்போது வெளிநாட்டுக்காரர்



நாங்கள் எழுதிப் பழகியவர்கள் அல்ல. வன்னியில் ஓ.எல். சோதனை எழுதிய வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இப்போது ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கார்களுக்குப் போகிற பிளாஸ்ரிக் உறுப்புகளை அச்சிலிருந்து எடுத்து, விளிம்பு வெட்டி, பெட்டியில் அடுக்குகிறோம். எழுத்துப் பிழை, சொற்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்த விடயமும் கொஞ்சம் கூச்சமானது. குடும்பமாக வாசிக்கிற சஞ்சிகையில் இதை எழுதலாமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டோம். "குடும்பங்கள் வாசிக்கிறபடியால்தான் எழுத வேணும்" என்று சொல்லிவிட்டா.

இந்த வருடம் குளிர் விடத் தொடங்கின நாட்களில் ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம். எங்கள் மேசையில் ஏழெட்டுத் தமிழர். சூடாக்கின புட்டும் மீன்குழம்பும் மணக்க, கோடை விடுமுறைக்கு யார் யார் ஊருக்குப் போகிறார்கள் என்று கதை போனது. ஒருவர் தொலைபேசியில் தன் ரிக்கற்றைக் காட்டினார். எங்களிலும் பத்து வயது மூத்தவர். நாங்கள் புதிதாக வேலைக்கு வந்தபோது பக்கத்தில் நின்று இயந்திரம் பழக்கித் தந்த நல்ல மனிதர். ஊருக்குப் போகும் வழியில் கூட்டாளிகள் மூன்று பேரோடு பாங்கொக்கில் ஒரு கிழமை நிற்கப் போகிறாராம்.

"அங்க எல்லாம் மலிவு. காசைக் காட்டினால் சரி. அதுகள் விரும்பித்தானே வருகுதுகள்" என்றார்.

"வயசும் பாக்கிறேல்லையாம்" என்று ஒரு இளம் பெடியன் பகிடி விட்டான். மேசை சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு, வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதும் மீன்முள்ளுப்போலத் தொண்டையில் நின்றது. ஏனென்றால் பாங்கொக் எங்களுக்குத் தெரிந்த ஊர்.

பாங்கொக்கில் மூன்று வருடம்

அப்பாவை முள்ளிவாய்க்காலில் இழந்த பிறகு, 2010 ஆம் ஆண்டு அம்மாவும் பிள்ளைகள் இருவருமாக மூன்று பேர் பாங்கொக்கில் போய் இறங்கினோம். கடவுச்சீட்டில் குத்தியிருந்தது உல்லாசப் பயண விசா. கடதாசிப்படி நாங்களும் உல்லாசப் பயணிகள்தான். விசா முடிந்தது. திரும்பிப் போகவும் முடியாது. தாய்லாந்து 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் பதிந்த கடிதம் கையில் இருந்தாலும், அந்த நாட்டுச் சட்டப்படி நாங்கள் களவாகத் தங்கியிருப்பவர்கள். பிடித்தால் சுவான் புளூ வீதித் தடுப்பு முகாம். அந்த ஒக்ரோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழரைப் பாங்கொக்கில் வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு பகலில் வெளியே தலைகாட்டுவதில்லை.

சாமான் வாங்க இரவில்தான் போவோம். நானா பக்கமும் பட்பொங் பக்கமும் விடிய விடிய வெளிச்சமாக இருக்கும். வெள்ளைக்காரர், யப்பானியர், அரபு நாட்டவர் என்று எல்லா நாட்டு ஆண்களும் அங்கே திரிவார்கள். அவர்களும் வெளிநாட்டுக்காரர், நாங்களும் வெளிநாட்டுக்காரர். பொலிசைக் கண்டால் அவர்கள் கிட்டப் போய் வழி கேட்பார்கள். நாங்கள் சந்துக்குள் ஒளிப்போம்.

எங்கள் பக்கத்து அறையில் ஒரு தாய்லாந்துப் பெண் இருந்தா. முப்பது வயதுக்குள் இருக்கும். இசான் என்கிற வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தவ. வயல் செய்கிற குடும்பம். மழை பிழைத்து, கடன் ஏறி, ஐந்து வயது மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்தவ. வேலை ஒரு பாரில். அது எப்படிப்பட்ட பார் என்பது கொஞ்ச நாளில் எங்களுக்கு விளங்கிவிட்டது. அம்மா முதலில் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தா. தாய் மொழியில் மூத்தவர்களை 'பீ' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். தமிழர் வாயில் அந்தச் சொல் வருமா? நாங்கள் 'அக்கா' என்றே கூப்பிட்டோம். அவவுக்கும் அது பிடித்துக்கொண்டது. மாதம் முடிய, ஊருக்குக் காசு அனுப்பின பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டுவா. பொலிஸ் கட்டடத்துக்குள் வந்தால் சுவரில் மூன்று தரம் தட்டுவா. நாங்கள் லைற்றை நூர்த்துவிட்டு மூச்சு விடாமல் இருப்போம்.

2011 இல் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். தமிழர்தான். தங்கச்சிக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் ஹோட்டல் வேலை இருக்கிறது, சாப்பாடும் தங்குமிடமும் சும்மா, கடவுச்சீட்டைத் தந்தால் விசாவும் போட்டுத் தரலாம் என்றார். தங்கச்சிக்கு அப்போது 16 வயது. மாமா அனுப்பிக்கொண்டிருந்த காசு நின்று இரண்டு மாதம். அறை வாடகை பாக்கி. அம்மா யோசித்து யோசித்துக் கடைசியில் ஓம் என்றுவிட்டா. உடுப்புப் பையும் கட்டியாயிற்று.

விடியப்புறம் வேலை முடிந்து வந்த அக்கா, வாசலில் பையைக் கண்டு எங்கே பயணம் என்று கேட்டா. அந்த ஆள் எழுதித் தந்த விலாசத் துண்டைக் காட்டினோம். தாய் எழுத்து, எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அவ வாசித்தா. "மை டீ, மை டீ" என்றா. நல்லதில்லை என்று அர்த்தம். துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் விளங்கப்படுத்தினா. அது ஹோட்டல் இல்லை, தான் வேலை செய்கிற இடத்தைப் போல ஒரு இடம், அதிலும் மோசம், கடவுச்சீட்டைக் கொடுத்தால் பிறகு வெளியே வர ஏலாது. அந்த மாத வாடகையில் பாதியையும் அவவே கட்டினா. அந்தக் காசு எந்த வேலையால் வந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும். அன்றைக்குப் பிறகு அம்மா அந்தக் கதவைச் சாத்தியதில்லை.

தங்கச்சி இன்று ஏஜக்ஸில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறா. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவவிடம் கேட்டு, அவ ஓம் என்ற பிறகுதான் இதை எழுதுகிறோம்.

"அதுகள் விரும்பித்தானே வருகுதுகள்" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னபோது எங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது அந்த அக்காவும், வாசலில் கட்டி வைத்திருந்த உடுப்புப் பையும்தான்.

இந்த வியாபாரம் தாய்லாந்தில் இப்படிப் பெருகியதற்கும் ஒரு கதை உண்டு. வியட்நாம் போர்க்காலத்தில், 1967 இல் செய்த உடன்பாட்டின்படி அமெரிக்கப் படையினர் விடுமுறை கழிக்கத் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். மீன்பிடிக் கிராமமாக இருந்த பட்டாயா அப்படித்தான் கேளிக்கை நகரமானது. போர் முடிந்து படையினர் போனார்கள். பார்கள் போகவில்லை. அவற்றை நிரப்ப உல்லாசப் பயணிகள் வந்தார்கள். விபசாரத்தைத் தடுக்கும் சட்டம் 1996 இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. சிறுவர்களை இந்த வியாபாரத்திலிருந்து காப்பாற்ற உலகெங்கும் வேலை செய்கிற எக்பட் இயக்கம் 1990 இல் தொடங்கியதும் தாய்லாந்தில்தான். அந்த நாட்டவர்களே எதிர்த்துப் போராடுகிற ஒன்றை நாங்கள் அவர்களுடைய பண்பாடு என்று சொல்லிவிட முடியாது.

நீர்கொழும்புக் கடற்கரை

2013 இல் ஐ.நா. மூலம் கனடா எங்களை ஏற்றுக்கொண்டது. கலியாணம், பிள்ளைகள், கொரோனா எல்லாம் கடந்து, பிரஜாவுரிமையும் எடுத்து, போன வருடம் ஆடி மாதம் முதல்முறையாகக் குடும்பமாக ஊருக்குப் போனோம். கட்டுநாயக்காவில் இறங்கிய களைப்புத் தீர, பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் கடற்கரையோர விடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்கினோம். கனடாவிலிருந்து போகிற எங்கள் ஆட்கள் பலரும் இப்படித்தான் செய்வார்கள்.

முதல் நாள் பின்னேரம், கடற்கரையில் பந்தடிக்கப் போன மகன் கையில் ஐஸ்கிறீமோடு வந்தான். வயது ஒன்பது. யார் தந்தது என்று கேட்டோம். "ஒரு அங்கிள். போட்டோவும் எடுத்தவர். நாளைக்கும் வரச் சொன்னவர்" என்றான். தூரத்தில் வயது போன வெளிநாட்டுக்காரர் ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரிக்குக் கைகால் நடுங்கத் தொடங்கிவிட்டது.

விடுதிக் காவலாளி அறுபது வயது மதிக்கத்தக்கவர். நீர்கொழும்பு மீனவர் குடும்பங்களில் வயதானவர்கள் பலர் தமிழும் பேசுவார்கள். அவர் வந்து சொன்னார்: "ஐயா, புள்ளைய கையோட வச்சுக்கங்க. ஒங்க புள்ளைக்கு ஒண்ணுன்னா தூதரகம் வரும், பொலிசு வரும். அந்தா கடலை விக்கிற பொடியன், அவனுக்கு யாரு வருவா?"

அவர் காட்டிய பொடியனுக்கும் எங்கள் மகனுடைய வயதுதான் இருக்கும்.

அன்று இரவு வீட்டுக்காரி பிள்ளைகளைப் படுக்கப் போட உள்ளே போக, நாங்கள் கடற்கரையில் தனியே நின்றோம். புதுச் சேட், புதுச் சப்பாத்து, கையில் பெரிய தொலைபேசி. இருபது வயது இளைஞன் ஒருவன் கிட்ட வந்து எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டான். கனடா என்றோம். என்ன வேண்டும் என்று அடுக்கத் தொடங்கினான். ஓட்டோ, வள்ளச் சவாரி, கஞ்சா, பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, வயது குறைந்தவர்களும் என்றான். எங்களுக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. தமிழில் சொன்னோம்: "தம்பி, எங்களுக்குச் சொந்த ஊர் கிளிநொச்சிப் பக்கம். அங்கையும் இப்பிடிப் பிள்ளையள் இருக்கினம்." அவன் முகம் மாறிவிட்டது. "சொறி அண்ணே" என்றுவிட்டு இருட்டுக்குள் போய்விட்டான்.

அவன் கண்ணுக்கு நாங்கள் அகதி அல்ல. பாங்கொக் வீதியில் நாங்கள் ஒளிந்திருந்து பார்த்த அந்த மனிதர்களில் ஒருவர். டொலர் வைத்திருக்கிற, வந்து போகிற, கேள்வி கேட்க ஆளில்லாத வெளிநாட்டுக்காரர். அன்று இரவு நித்திரை வரவில்லை.

இலங்கையின் மேற்கு, தெற்குக் கடற்கரைகளில் இது நேற்று வந்த நோய் அல்ல. 1977 க்குப் பிறகு உல்லாசப் பயணம் வளர, நீர்கொழும்பு, பென்தோட்டை, ஹிக்கடுவ போன்ற இடங்களில் ஏழைச் சிறுவர்களைத் தேடி வெளிநாட்டவர் வருவது பெரிய பிரச்சினையானது. பத்திரிகையாளர் மொரீன் செனவிரத்னவும் அவருடைய 'பீஸ்' அமைப்பும் 1990களில் இதை வெளியே கொண்டுவந்து போராடினார்கள். 1995 இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவானது. சட்டம் வந்ததால் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை என்பதை அந்த இருபது வயதுத் தம்பியிடம் நாங்கள் நேரிலே கண்டோம்.

சட்டம் கூடவே வரும்

"கனடாவை விட்டு வெளிக்கிட்டால் கனடாச் சட்டம் என்ன செய்யும்?" என்று நினைப்பவர்கள் உண்டு. புதிதாக வந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 1997 ஆம் ஆண்டிலிருந்து, கனடாப் பிரஜையோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரோ வெளிநாட்டில் சிறுவருக்கு எதிராகச் செய்கிற பாலியல் குற்றத்துக்கு, இங்கேயே கொண்டுவந்து வழக்குப் போடலாம். காசு கொடுத்துச் செய்வது என்றால் 18 வயதுக்குக் குறைந்த எவரும் சிறுவர்தான். "வயது தெரியாது" என்று சும்மா சொல்லித் தப்பவும் முடியாது. வயதை அறிய நியாயமான எல்லா முயற்சியும் எடுத்ததாக இருக்க வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கம்போடியாவில் சிறுமிகளுக்குச் செய்தவை உட்பட்ட குற்றங்களுக்காக வன்கூவரைச் சேர்ந்த ஒருவர் 2005 இல் பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். இந்தச் சட்டத்தின் கீழ் முதல் தண்டனை அதுதான். முகத்தைச் சுழித்து மறைத்திருந்த ஒரு படம் தெளிவாக்கப்பட்ட பிறகு, 2007 இல் இன்ரர்போல் அதை உலகத்துக்குக் காட்டியது. சில நாட்களில் அந்த ஆள் தாய்லாந்தில் பிடிபட்டார். கனடாவிலிருந்து போய் ஆசியாவில் ஆங்கிலம் படிப்பித்தவர். தாய்லாந்தில் சிறையிருந்து வந்தவருக்கு 2016 இல் கனடா நீதிமன்றமும் தண்டனை கொடுத்தது.

வளர்ந்தவர்கள் விடயத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கனடாவுக்குள்ளே, 2014 டிசம்பரிலிருந்து, காசு கொடுத்து உடலை வாங்குபவர்தான் குற்றவாளி. விற்கிற நிலைக்குத் தள்ளப்பட்டவரை அல்ல, வாங்குபவரையே சட்டம் முதலில் பிடிக்கிறது. நாங்கள் அகதியாக இருந்த வருடங்களை நினைத்தால் அது நியாயமாகத்தான் படுகிறது.

வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் பாரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றால், அந்த உரிமையையே இழந்து நாடுகடத்தப்படவும் கூடும். எத்தனை கடல் தாண்டி வாங்கின கடதாசி அது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு

எங்கள் அனுபவத்தில் படித்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, அகதியாக ஏற்கப்பட்டு இன்னும் பிரஜாவுரிமை எடுக்காதவர்கள் இலங்கைக்குப் போக முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். 2012 இல் வந்த சட்ட மாற்றத்தின்படி, தப்பி வந்த நாட்டுக்கே திரும்பிப் போவதைக் காரணம் காட்டி அகதிப் பாதுகாப்பையும் வதிவிட உரிமையையும் சேர்த்தே எடுக்க வழியுண்டு.

இரண்டாவது, பிள்ளைகள். விடுதியிலோ கடற்கரையிலோ கண்பார்வைக்கு வெளியே விடாதீர்கள். ஊரில் சொந்தக்காரர் வீட்டிலும் அப்படித்தான். யார் என்ன தந்தாலும் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும், யாராவது "வீட்டில் சொல்லாதே" என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று புறப்பட முன்னரே பழக்குங்கள். பயமுறுத்தத் தேவையில்லை. வீதி கடக்கப் பழக்குவதைப்போலப் பழக்கலாம்.

மூன்றாவது, பெரியவர்கள். எங்கள் ஊர்தானே என்று நடுச்சாமத்தில் தெரியாத இடத்தில் திரியாதீர்கள். 2011 நத்தார் வேளையில் தங்காலையில் விடுமுறைக்கு வந்திருந்த பிரித்தானியச் செஞ்சிலுவைப் பணியாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அவரோடு வந்த பெண்ணும் கொடுமைப்படுத்தப்பட்டா. செய்தவர்களில் ஒருவர் உள்ளூர் அரசியல்வாதி. 2014 இல்தான் 20 வருடத் தண்டனை கிடைத்தது. கையில் வாங்கின குடிபானத்தை மேசையில் விட்டுப் போய்த் திரும்பி வந்து குடிக்காதீர்கள். நகையைப் பெட்டியில் வைத்துவிட்டு வாருங்கள். கடவுச்சீட்டைத் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள். அதன் பிரதி ஒன்று இங்கே உறவினரிடம் இருக்கட்டும். வெளிநாடு போகும் கனடியர் பதிவில் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள். அதற்குக் காசு இல்லை.

நான்காவது, கண்ணால் கண்டால் பேசாமல் வராதீர்கள். சிறுவர் ஒருவர் ஆபத்தில் இருப்பதாகப் பட்டால் இலங்கையில் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கனடாக்காரர் ஒருவர் வெளிநாட்டில் இப்படிச் செய்வது தெரிந்தால் இங்கே பொலிசுக்கோ சைபர்ரிப் அமைப்புக்கோ சொல்லலாம்.

மேசைக்குத் திரும்பி

மூன்றாம் நாள் அதே மேசையில், அதே ஆட்களுக்கு அக்காவின் கதையைச் சொன்னோம். தங்கச்சியின் உடுப்புப் பை வரைக்கும் சொன்னோம். ஒருவரும் சாப்பிடவில்லை. ரிக்கற் காட்டியவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போனார். அன்றிலிருந்து எங்களோடு கதைப்பதில்லை. வேறு மேசையில் இருக்கிறார். வேலை பழக்கித் தந்த மனிதர், எங்களுக்குக் கவலைதான். அவர் ரிக்கற்றை மாற்றினாரா என்பது தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் மனம் இல்லை. முதல் நாளே சிரிக்காமல் சொல்லியிருந்தால், நாலு பேருக்கு முன்னால் அவரை அப்படி எழும்பிப் போக வைத்திருக்கத் தேவையில்லை என்று மட்டும் நினைக்கிறோம்.

பகிடி விட்ட பெடியன் கொஞ்ச நாள் கழித்துப் பஸ் தரிப்பில் கிட்ட வந்து, "அண்ணை, அந்த அக்கா இப்ப எங்க?" என்று கேட்டான்.

எங்களுக்குத் தெரியாது. 2013 இல் நாங்கள் வெளிக்கிட்ட அன்று, விமானத்தில் சாப்பிட என்று ஒட்டும் அரிசிச் சோறும் பொரித்த கோழியும் வாழையிலையில் சுற்றித் தந்தா. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதா. கனடாவிலிருந்து இரண்டு தரம் அழைத்துக் கதைத்தோம். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அவவின் மகளுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். வயலோடு இருக்கிறாவோ, அவவும் நகரத்துக்கு வந்துவிட்டாவோ, அதுவும் தெரியாது.

வாசகர்களே, உங்களில் யாராவது பாங்கொக் வழியாகவோ நீர்கொழும்பு வழியாகவோ போகக்கூடும். அங்கே உங்களைக் காண்கிறவர்கள் உங்களை அகதி என்று காண மாட்டார்கள், வெளிநாட்டுக்காரர் என்றுதான் காண்பார்கள். எப்படிப்பட்ட வெளிநாட்டுக்காரர் என்பது எங்கள் கையில் இருக்கிறது.